சுவடித்தூக்கு முதல் அலமாரி வரை

தமிழில் இன்று கிடைக்கும் பழைய நூல்களுள் பெரும்பகுதி அரசர்களின் களஞ்சியங்களிலிருந்து வந்தவை அல்ல. புலவர் வீட்டுப் பரண், மருத்துவர் வீட்டுப் பெட்டி, மடத்தின் உட்கட்டு, சமணக் குடும்பமொன்றின் வழிபாட்டறை போன்ற, வெளியார் கண்ணில் எளிதில் படாத இடங்களில், அவற்றை விரும்பிய சிலர் கைவிட மனமின்றி வைத்திருந்தமையால் எஞ்சியவை. ஆகவே ஒருவர் தம் வீட்டில் எந்த நூலை வைத்துக்கொண்டார், எதைக் கழித்தார் என்னும் கேள்வியைத் தமிழ் இலக்கிய வரலாற்றின் ஓரத்தில் ஒதுக்கிவிட இயலாது. மொழியின் தலையாய நூல்கள் பலவற்றின் இருப்பும் இழப்பும் அத்தகைய தனி விருப்பங்களையே சார்ந்திருந்தன; அவ்விருப்பம் உடையவர் மறைந்தபின் நூல்கள் யார் கைக்குப் போயின என்பதே எல்லாக் காலத்திலும் அவற்றின் விதியைத் தீர்மானித்தது.

அச்சு பரவுவதற்கு முன்னர் நூல் என்பது பனையோலைச் சுவடியே. முற்றவும் செய்யாத, மிக இளமையும் அல்லாத ஓலையைத் தேர்ந்து, ஈர்க்கை நீக்கி, வேகவைத்து நிழலில் உலர்த்தி, மெருகேற்றி, ஒரே அளவாக நறுக்கினர். இவ்வாறு நறுக்கி ஒழுங்கு செய்வதை ஓலை வாருதல் என்றனர். ஒவ்வோர் ஏட்டிலும் இரு துளைகள் இட்டு, ஒன்றில் கயிற்றைக் கோத்து, மற்றொன்றில் நாராசம் எனப்படும் உலோகக் கம்பியையோ மூங்கிற்குச்சியையோ செருகி, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் சுவடி உருவாகும். கயிறு துளையிலிருந்து நழுவாதிருக்க அதன் முனையில் ஓலைத் துண்டொன்றைக் கிளியின் அலகுபோல நறுக்கி முடிந்தனர். அதற்குக் கிளிமூக்கு என்றே பெயர். எழுத்தாணியால் கீறிய எழுத்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாதாகையால், மஞ்சள், வசம்பு, கரி முதலியவற்றை அரைத்து ஏட்டின்மேல் தடவி எழுத்தை விளக்கினர். மையாடல் என்று வழங்கிய இச்செயல் பயன் கருதியதாக மட்டும் நின்றுவிடாமல், பிள்ளைக்குப் புதுச்சுவடி கொடுக்கும் நாளின் மங்கலச் சடங்காகவும் அமைந்தது. இவ்வாறு அமைந்த சுவடிகளைத் தரையில் வைத்தால் செல்லரிக்கும் என்பதால், இருபுறமும் கயிறு கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிட்ட பலகையில் அடுக்கினர். சுவடித்தூக்கு எனப்பட்ட அப்பலகையே தமிழர் வீட்டின் முதல் புத்தக அலமாரி எனலாம்.

ஓலைக்கு ஆயுள் குறைவு. நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் ஓர் ஏடு சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. இராமபாணம் என்று மக்கள் பெயரிட்ட பூச்சி, அம்பு துளைத்தாற்போல ஒரு சுவடியின் முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரை ஊடுருவிச் செல்லவும் கூடும். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடைய சங்கப் பாடல்கள் இன்று நம் கையில் இருக்கின்றன என்றால், அவற்றைத் தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவர், பெரும்பாலும் பெயர் தெரியாத ஒருவர், அமர்ந்து மீண்டும் எழுதினார் என்பதே பொருள். அக்காலத்தில் நூலைக் காப்பது என்பது நூலைப் பெயர்த்தெழுதுவதே. ஒருவர் தம் தூக்கில் எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தபோது, எதற்காகப் பல மாதம் தம் கையும் கண்ணும் நோகத் துணிவது என்பதையும் சேர்த்தே தீர்மானித்தார். எழுத்தாணி ஏட்டைக் கிழித்துவிடும் என்று அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதைத் தவிர்த்தனர். குறிலும் நெடிலும் ஒரே கொம்பால் குறிக்கப்பட்டன. ஆகவே நூலை முன்பே ஓரளவு அறிந்தவரன்றிப் பிறர் பிழையின்றிப் பெயர்த்தெழுத இயலவில்லை. படிப்பு நின்றுபோன வீட்டில் சுவடி இருந்தும் பயனற்றுப் போனதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆண்டுக்கொருமுறை சரசுவதி பூசையன்று சுவடிகளை இறக்கித் தூசி தட்டி, சந்தனமும் குங்குமமும் இட்டு அடுக்கி வைத்து வணங்கும் வழக்கத்தையும் இத்தொடர்பில் கருதவேண்டும். அன்று நூலைத் திறந்து படிப்பதில்லை. மறுநாள் விசயதசமியன்று மீண்டும் படிக்கத் தொடங்குவர். வழிபாடு என்ற பெயரில் நடந்த இது, ஒரு வீட்டின் நூல்கள் அனைத்தும் ஆண்டில் ஒரு நாளேனும் வெளிச்சத்தையும் மனிதக் கையையும் காண வழிசெய்தது. எந்த ஏட்டைப் பூச்சி அரித்தது, எதை இனிப் பெயர்த்தெழுதவேண்டும் என்பதும் அன்று தெரிந்திருக்கும்.

நூல் இவ்வளவு அரிதாக இருந்த உலகில், அதை உடையவரை நாடிச் செல்வதே கல்வியாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்புலவரான திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) இளமையில் தண்டியலங்காரத்தைக் கற்க விரும்பி, அணியிலக்கண நூலாகிய அதை அறிந்திருந்த ஒருவர், வீடுவீடாகச் சென்று இரந்துண்ட பரதேசியாக இருந்தபோதிலும், அவர் பின்னே தெருத்தெருவாக நடந்து பாடம் கேட்டார் என்பதை அவர் மாணவர் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். இவ்வாறு தேடிக் கற்றவரிடமே பின்னாளில் நூற்றுக்கணக்கானோர் பாடம் கேட்டனர். திருவாவடுதுறை ஆதீனத்தின் சுவடித்தொகுதி அவருக்கும் அவர் மாணவர்க்கும் வீட்டு நூலகம்போல விளங்கியது.

சுவடிகள் ஒரு வீட்டை விட்டு எப்போது வெளியேறின என்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெளிவான சான்று உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த செருமானியப் பாதிரியார் சீகன்பால்கு, இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, ஒவ்வொன்றின் உள்ளடக்கத்தையும் சுருக்கமாக விளக்கி 1708இல் ஒரு பட்டியல் எழுதினார். தமக்கு வேண்டிய சுவடிகளைத் தேடி ஆள் அனுப்பியபோது, அவற்றைக் குறைந்த விலைக்குக் கொடுத்தவர்கள் மறைந்த அந்தணர்களின் மனைவியர் என்று அவரே குறித்துள்ளார். படித்தவர் போனபின் வீட்டில் எஞ்சியோர்க்குச் சுவடி ஒரு சுமையாகிறது. வறுமை சேர்ந்தால் விலைப்பொருளாகிறது. வாங்க வந்தவர் மதிப்பறிந்தவராக இருந்தமையால் அப்போது அவ்வேடுகள் குறைந்தது ஒரு பட்டியலிலாவது பதிவாயின.

அவ்வாறு பதிவாகாமல் போனவை எத்தனையோ. பழுதுற்ற ஏடுகளை ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் விடுவது புண்ணியம் என்னும் நம்பிக்கை பல ஊர்களில் இருந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. பாண்டிய மரபைச் சேர்ந்த ஓர் அரசரின் சுவடிகள் அவருக்குப்பின் அக்கோயிலைச் சேர்ந்தன என்று கேள்வியுற்றுச் சாமிநாதையர் அங்கே சென்றபோது, சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகவும், ஆகமம் அவ்வாறு விதிப்பதாகவும் விடை கிடைத்தது. அழித்தவர்கள் பகைவர் அல்லர். சிதைந்த புனிதப்பொருள் மிதிபடக்கூடாது என்று எண்ணிய பத்தியுடையோர். நூலைப் படிப்பதற்குரியதாகக் கருதாமல் வணங்குவதற்குரியதாக மட்டும் கருதும்போது அதற்கு நேரக்கூடிய முடிவு இதுவென்று, தமிழ் நூல்களின் வரலாற்றில் இந்நிகழ்ச்சியைப்போல வேறெதுவும் தெளிவாகக் காட்டுவதில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி கும்பகோணத்தில் நடந்தது. 1880இல் அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியராக இருந்த சாமிநாதையரிடம், அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கற்றவர் சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். அந்நூலின் படியொன்றையும் கொடுத்தார். சமணக் காப்பியமாகிய அதன் கருத்துகள் பல விளங்காமல் சாமிநாதையர் திகைத்தபோது, அதே ஊரில் சில தெருக்கள் தள்ளி வாழ்ந்த சமணக் குடும்பத்தினர் அந்நூலைத் தம் சமய நூலாகக் கருதி வீட்டில் முறையாகப் படித்துப் பொருள் கேட்டுவருவதை அறிந்தார். சைவ மடங்களின் புலமை உலகம் புறத்தே நிறுத்தியிருந்த ஒரு பெருங்காப்பியம், வீட்டுக் கூடத்தில் உயிரோடு இருந்தது. அச்சமணர்களிடம் கேட்டுத் தெளிந்து, பல ஊர்ச் சுவடிகளை ஒப்புநோக்கி, 1887இல் சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பித்தார். பத்துப்பாட்டைத் தேடி ஆழ்வார்திருநகரியில் கவிராயர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தபோதும், இலட்சுமண கவிராயரின் மாமனார் வீட்டிலிருந்து வந்த கட்டில்தான் அவர் தேடிய சுவடி இருந்தது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அச்சாயின. அவருக்கு முன்னரே ஆறுமுக நாவலரும், கலித்தொகையை 1887இல் வெளியிட்ட சி. வை. தாமோதரம் பிள்ளையும் இவ்வழியில் உழைத்திருந்தனர். இவர்களின் பதிப்புகளை ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த நூல்கள் என்று சொல்வது வழக்கம். வீட்டிலிருந்து வீதிக்கு வந்த நூல்கள் என்பதும் அதே அளவு பொருந்தும்.

அச்சுத்தொழில் தமிழுக்குப் புதிதன்று. 1578இலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சானது. எனினும் நெடுங்காலம் அது சமயப் பணியாளர் கையிலும் அரசின் கையிலுமே இருந்தது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் அச்சகம் நடத்துவதன்மேல் இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபின்னரே நம்மவர் பெருமளவில் இத்தொழிலில் இறங்கினர். அச்சிடும் செலவைத் திரட்டக் கையொப்பம் என்னும் முறை வழங்கியது. நூல் வெளிவருமுன்னரே வாங்க உடன்பட்டுப் பெயர் எழுதிக் கொடுப்பவர் கையொப்பக்காரர். சிந்தாமணியும் அவ்வாறே பலரின் கையொப்பத்தால் வெளிவந்தது. அந்த வகையில் பழைய நூல்களின் மீட்சிக்கு, அவற்றைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பிய வாசகர்கள் முன்பணமாகவே பங்களித்தனர்.

ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எளிய குடும்பங்களின் மாடக்குழிகளில் இருந்தவை புறநானூறும் சிலம்பும் அல்ல. பஞ்சாங்கம், தேவார திருவாசகத் திரட்டு அல்லது திவ்வியப்பிரபந்தம், கிறித்தவர் வீடாயின் பிறப்பு இறப்பு நாள்களை முதற்பக்கத்தில் எழுதிவைத்த வேதாகமம், இவற்றோடு பெரிய எழுத்து நூல்கள் சில. பெரிய எழுத்து என்பது, புதிதாகப் படிக்கக் கற்றவரும் கண்பார்வை மங்கிய முதியோரும் எளிதில் படிக்கும்படி பருத்த எழுத்தில், மலிவான தாளில், கட்டைப்படங்களோடு அச்சிட்ட கதைநூல்களைக் குறிக்கும். நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை ஆகியவை இவ்வடிவில் ஆயிரக்கணக்கான வீடுகளை எட்டின. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். சென்னையில் பி. இரத்தின நாயகர் அண்டு ஸன்ஸ் போன்றோர் இவற்றை வெளியிட்டுவந்தனர். சென்னைக் குசிலிக் கடைத்தெருவில் விற்ற சிறுவெளியீடுகளைக் குசிலி நூல்கள் என்று சற்றே இகழ்ச்சியாகக் குறித்தனர். அறிஞர் தம் அலமாரியில் இவற்றுக்கு இடம் தரவில்லை. அவ்விகழ்ச்சி நியாயமானதன்று, பல தலைமுறைகளின் கண்ணீரும் சிரிப்பும் இந்நூல்களோடு கலந்திருந்தன.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் நாவல்களும் இதே மதிப்பீட்டுக்கு ஆளாயின. வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் ஆகியோரின் துப்பறியும் கதைகளையும், 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாளின் நாவல்களையும் மக்கள் ஆவலோடு படித்தனர். ஆனால் வீட்டில் வைத்துக் காக்கத்தக்கவை என்று பெரியோர் அவற்றைக் கருதவில்லை. படித்தபின் கைமாறிக் கைமாறித் தாள் நைந்து பழைய காகிதக்கடைக்குப் போனவையே மிகுதி.

இந்நிலையை மாற்றியவை வார இதழ்த் தொடர்கதைகள். ஆனந்த விகடனிலும் 1941இல் தொடங்கிய கல்கியிலும் வாரந்தோறும் வெளிவந்த தொடர்களின் பக்கங்களைத் தனியே பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தி, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் கட்டிவைக்கும் வழக்கம் நடுத்தரக் குடும்பங்களில் பரவியது. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வன் இவ்வாறு கட்டப்பட்ட நூல்களுள் தலைமையானது. மூன்றரை ஆண்டுக்கு மேல் ஒரு வாரமும் தவறாமல் பக்கங்களைச் சேர்ப்பது எளிய செயலன்று. விருந்தாளி எடுத்துச் சென்ற ஓர் இதழும், குழந்தை கிழித்த ஒரு பக்கமும் தொகுப்பைக் குறைபடுத்திவிடும். விடுபட்ட வாரத்தைத் தேடி அயல்வீடுகளிலும் பழைய இதழ் விற்கும் கடைகளிலும் அலைய நேரும். பைண்டர் பக்கங்களை நூலால் தைத்து, பூச்சி அண்டாதிருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சிய மாப்பசையால் அட்டை ஒட்டி, முதுகில் காலிகோ துணி போர்த்தி, அதன்மேல் கதையின் பெயரையும் சில வேளைகளில் உரிமையாளரின் பெயரின் முதலெழுத்துகளையும் பொறித்துக் கொடுத்தார். ஓலை வாரிச் சுவடி சேர்த்தவரின் உழைப்பு, ஏறத்தாழ அதே வடிவில், இங்கே மீண்டும் வந்தது எனலாம்: நூல் கடையில் வாங்கிய பொருளாக இராமல், வீட்டார் தம் கையால் ஆக்கிய பொருளாயிற்று.

இக்கட்டுத்தொகுப்புகளுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த ஓவியங்களும், விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தில்லானா மோகனாம்பாளுக்குக் கோபுலு வரைந்தவையும் கதையோடு பிரிக்கமுடியாதவாறு வாசகர் மனத்தில் பதிந்தன. தொடர்கள் நூலாக வெளிவந்தபோது பெரும்பாலும் அப்படங்கள் விடப்பட்டன. பக்கத்தின் மறுபுறத்தில் அகப்பட்டுக்கொண்ட தலைவலித்தைல விளம்பரமும், திரைப்பட அறிவிப்பும், நகைச்சுவைத் துணுக்கும் எந்த அச்சுநூலிலும் இடம்பெறாதவை. ஒரு காலத்து வாசிப்பு எவ்வாறு இருந்தது என்பதை அறிய விரும்பும் ஆய்வாளருக்குப் பதிப்பகம் வெளியிட்ட செம்மையான நூலைவிட, ஓரங்கள் பழுத்த இத்தொகுப்பே மிகுதியாகக் கற்பிக்கும்.

அதே ஐம்பதுகளில் மலிவுப் பதிப்புகளும் வீட்டு அலமாரியை விரிவாக்கின. மர்ரே எஸ். ராஜம், சங்க இலக்கியங்களையும் கம்பனையும் பிறவற்றையும் சந்தி பிரித்து, அதாவது புணர்ச்சியால் கலந்துநின்ற சொற்களைத் தனித்தனியே பிரித்து, பொதுவாசகர் படிக்கும்படி குறைந்த விலையில் வெளியிட்டார். புலவரிடம் பாடம் கேளாதவரும் பழம்பாடலைத் தாமே படிக்கலாம் என்னும் துணிவை அப்பதிப்புகள் அளித்தன. சக்தி வை. கோவிந்தன் பாரதியின் கவிதைகளையும் திருக்குறளையும் மலிவுப் பதிப்பாக்கினார்.

இவ்வாறு நூல்கள் பெருகியபோது, தம் வாழ்நாளையே சேகரிப்புக்கு ஒப்படைத்த சிலரும் தோன்றினர். இவர்களின் நூல்கள் பின்னர் அடைந்த நிலைகளை ஒப்பிட்டுக் காண்பது பயனுடையது. சாமிநாதையர் இரண்டாம் உலகப்போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கேயே 1942 ஏப்ரலில் மறைந்தார். அவர் வாழ்நாள் முழுதும் திரட்டிய சுவடிகளையும் நூல்களையும் கொண்டு 1943இல் அவர் பெயரால் சென்னையில் நூல்நிலையம் நிறுவப்பட்டது. மறைமலையடிகள் (1876–1950) பல்லாவரத்தில் தம் இல்லத்தில் ஏறத்தாழ 4,000 நூல்களைச் சேர்த்து, அவை தமிழ்மக்களுக்குப் பயன்படவேண்டும் என்று விரும்பினார். 1958இல் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அவற்றை அடிப்படையாக வைத்து மறைமலையடிகள் நூல்நிலையத்தைத் தொடங்கியது. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்த ச. வையாபுரிப்பிள்ளையின் (1891–1956) நூல்களும் சுவடிகளும் கல்கத்தாவின் தேசிய நூலகத்தைச் சென்றடைந்தன. அவை பாதுகாப்பாக உள்ளன என்பது மகிழ்ச்சிக்குரியது. தமிழ் மாணவன் ஒருவன் அவற்றைக் காண வங்காளம் வரை செல்லவேண்டியிருந்தது என்பது வருத்தத்திற்குரியது.

இம்மூவரும் அறிஞர்கள், ஆகவே அவர்கள் தேர்ந்தவை அறிஞர் தேர்பவை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா (1926–1992) அவ்வகையினர் அல்லர். பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக வாழ்க்கையைத் தொடங்கிய அவர், 1950ஐ ஒட்டிப் பழைய புத்தகக்கடைகளில் நூல் வாங்கத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளில் நூல்களும் இதழ்களுமாக ஏறத்தாழ 1,00,000 திரட்டித் தம் வீட்டில் நிறைத்தார். புலமைக்குரியது, பொழுதுபோக்குக்குரியது என்னும் பாகுபாட்டை அவர் ஏற்கவில்லை. சங்க இலக்கியத்தின் முதற்பதிப்புகள் இருந்த அதே அறைகளில் துப்பறியும் நாவல்களும், குசிலி நூல்களும், நாடக அறிவிப்புத் துண்டுகளும், திருமண அழைப்பிதழ்களும் இருந்தன. பிறர் கழித்தவற்றையெல்லாம் ஒருவர் வைத்திருந்தமையால்தான், தமிழ் நாவலின் தொடக்ககாலத்தையும் இசைநாடக உலகத்தையும் பற்றிப் பின்வந்தோர் ஆராய முடிந்தது. காக்கத்தக்கது எது என்று முன்கூட்டியே தீர்மானிக்க மறுத்ததே அவருடைய பெருமை.

அவர் மறைந்ததும், பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. ஒரு குடும்பம் பேணுவதற்கு அரிதான அளவில் நூல்கள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுதியை விலைக்குப் பெற்றது. ஆனால் கடல்கடந்து எடுத்துச் செல்லாமல், 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைய வழிசெய்தது. நூல்கள் பட்டியலிடப்பட்டு நுண்படமாக்கப்பட்டன. சீகன்பால்கின் காலம் தொட்டு வெளியார் வாங்கிய தமிழ் நூல்கள் பல வெளிநாடு சென்றிருக்க, இத்தொகுதி சொந்த மண்ணிலேயே தங்கியது அரிய நற்பேறு. புதுக்கோட்டையில் ஆசிரியர் கிருட்டிணமூர்த்தியும் அவர் துணைவியார் டோரதியும் தம் சொந்தச் சேகரிப்பைக் கொண்டு உருவாக்கிய ஞானாலயாவும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

ஈழத்தில் இவ்வரலாறு துயரமான திருப்பம் கொண்டது. 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் யாழ்ப்பாணத்தில் தம் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டே ஒரு குழு அமைந்து, ஆசுபத்திரி வீதியில் ஓர் அறையில் 844 நூல்களோடு முறையான நூலகம் தோன்றியது. ஒரு வீட்டு அலமாரியிலிருந்து முளைத்த அந்த யாழ்ப்பாணப் பொது நூலகம், ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் கொண்டதாக வளர்ந்து, 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டது. வீடுகள் தம் நூல்களைப் பொதுவில் ஒப்படைத்ததன் பயனை ஒரே இரவு பறித்துக்கொண்டது. அதன்பின் தொடர்ந்த போர்க்காலத்தில், இடம்பெயர்ந்த குடும்பங்கள் எடுத்துச் செல்ல இயன்றது மிகச் சிலவே.

2005இல் தொடங்கிய நூலகம் என்னும் தன்னார்வ முயற்சி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தேடி எடுத்து, பக்கம் பக்கமாக மின்வருடி, எவரும் படிக்குமாறு இணையத்தில் வைத்துவருகிறது. அவற்றுள் பல தனியார் வீடுகளில் எஞ்சிய படிகள். திறந்து பார்ப்போர், தலைப்புப் பக்கத்தின் மேல்மூலையில் மையால் எழுதிய ஒரு பெயரையும், ஓர் ஊரையும், நூலை வாங்கிய நாளையும் அடிக்கடி காணலாம்.